துப்பறியும் கதையும் தேச சஞ்சாரமும்

அயல் நாடு ஒன்றை அறிய விரும்புகிறவர், அந்நாட்டுச் சுற்றுலாத் துறையார் வழவழப்பான தாளில் அச்சிட்டு வழங்கும் சிறு நூல்களையோ, பத்து நாளில் பத்து நகரங்களைப் பார்த்துத் திரும்பியவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளையோ நாடுவதைக் காட்டிலும், அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் எழுதிய நல்ல துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு இரவுகள் அமைதியாக உட்கார்ந்து படிப்பாரானால், அதிகமாகவும் ஆழமாகவும் அறிந்துகொள்வார் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இதைக் கேட்டுப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். துப்பறியும் கதை என்றாலே, ரயிலில் பொழுது போக்குவதற்காக வாங்கி, இறங்கும்போது ஆசனத்திலேயே விட்டுவிட்டுப் போகத்தக்க சரக்கு என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தால் நாம் இழந்தது கொஞ்சமல்ல.

பிரயாணிக்கு ஒரு தேசம் காட்டுவது தன் கூடத்தை மட்டுமே. கோபுரங்களும் அரண்மனைகளும் பொருட்காட்சிச் சாலைகளும் அவனுக்காக விளக்கேற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. அவனிடம் பேசுகிறவர்கள், பேசுவதற்கென்றே சம்பளம் பெறுகிறவர்கள். துப்பறியும் அதிகாரியின் நிலைமை வேறு. ஒரு கொலை நடந்துவிட்டது என்ற காரணத்தினாலேயே அவனுக்கு எல்லாக் கதவுகளும் திறந்தாக வேண்டும். அவன் சமையலறைக்குள் நுழைகிறான், பரணில் ஏறுகிறான், அடகுச் சீட்டுகளையும் கிழித்தெறியப்பட்ட கடிதங்களையும் பொறுக்கி எடுக்கிறான், ஒரே நாள் காலையில் மந்திரியின் மாளிகையிலும் மாலையில் கூலியாளின் குடிசையிலும் உட்கார்ந்து, இருவரையும் ஒரே கேள்வியைக் கேட்கிறான். வேறு எந்த இலக்கியப் பாத்திரத்துக்கும் இத்தகைய உரிமை இயல்பாக வாய்ப்பதில்லை. மேலும், கொலைக்கு ஹேது என்ன என்று தேடிக்கொண்டு போகிறவன் கடைசியில் சென்று நிற்கும் இடம், அந்தச் சமூகம் எதைப் பெரிய அவமானமாகக் கருதுகிறதோ, எதை இழக்க அஞ்சுகிறதோ, எதை வெளியே சொல்லத் துணியாமல் மறைத்து வைத்திருக்கிறதோ, அந்த இடமாகவே பெரும்பாலும் இருக்கிறது.

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். ஸெய்சோ மாட்ஸுமோட்டோ என்ற ஆசிரியர் கியூஷூ தீவின் வட கோடியிலுள்ள கோகுரா நகரத்தோடு இணைத்துப் பேசப்படுகிறவர். வறுமையில் வளர்ந்து, ஆரம்பப் பள்ளிக்கு மேல் படிக்க வசதியின்றி, நாற்பது வயதுக்குப் பின்னரே எழுத்தாளராகப் புகழ் பெற்றவர். அவருடைய ‘புள்ளிகளும் கோடுகளும்’ என்ற நாவல் 1957-ஆம் ஆண்டில் தொடர்கதையாக வெளிவரத் தொடங்கியபோது, அதைத் தாங்கி வந்தது இலக்கியப் பத்திரிகை அன்று. ‘தபி’ என்ற பிரயாணப் பத்திரிகை. கியூஷூவில், ஹகாடாவுக்கு அருகேயுள்ள காஷீ கடற்கரையில், பனிக்காலத்து விடியற்காலையில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அருகருகே இறந்து கிடக்கிறார்கள். காதலர் இருவர் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொள்வது அந்நாட்டின் நாடக மேடையிலும் பழங்கதையிலும் பலமுறை பேசப்பட்ட விஷயமாதலால், உள்ளூர்ப் போலீசார் அதிக யோசனையின்றி வழக்கை முடித்துவிடப் பார்க்கிறார்கள். ஆனால் இறந்தவன், லஞ்ச விவகாரம் ஒன்றில் அகப்பட்டிருந்த அரசாங்கக் காரியாலயம் ஒன்றின் உத்தியோகஸ்தன். அவன் சட்டைப்பையில் இருந்த, ரயில் உணவு வண்டியில் சாப்பிட்டதற்கான ரசீதிலோ ஒருவருக்கு மட்டுமே கணக்கு எழுதப்பட்டிருந்தது. காதலியோடு கடைசிப் பயணம் புறப்பட்டவன் தனியாக உட்கார்ந்து ஏன் சாப்பிட்டான் என்று வயது முதிர்ந்த துப்பறிவாளர் ஒருவர் தமக்குள் கேட்டுக்கொள்கிறார். கதை அங்கே தொடங்குகிறது.

தோக்கியோ ரயில் நிலையத்தின் பதின்மூன்றாம் பிளாட்பாரத்தில் நிற்கும் ஒருவர், இடையே வேறு ரயில் எதுவும் மறைக்காமல் பதினைந்தாம் பிளாட்பாரத்தைப் பார்க்க முடிவது, நாள் முழுவதிலும் நான்கே நிமிஷங்கள். மாலையில் அந்த நான்கு நிமிஷங்களுக்குள் ஒரு காட்சி சிலர் கண்ணில் படுமாறு செய்யப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதற்காக, தலைநகரத்து இளம் அதிகாரி தெற்கே கியூஷூவுக்கும் வடக்கே ஹொக்கைடோவுக்கும் அலைகிறார். அவரோடு கூடவே நாமும் மாலையில் தோக்கியோவில் ஏறி மறுநாள் நண்பகலில் ஹகாடாவில் இறங்குகிறோம், பனி மூடிய ஜலசந்தியைக் கப்பலில் கடக்கிறோம். அதிவேக ஷின்கான்சென் ரயில் 1964-இல்தான் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்திய ஜப்பானை, யுத்தத் தோல்வியிலிருந்து எழுந்து நின்று, குறித்த நிமிஷத்தில் வண்டி புறப்பட வேண்டும் என்பதையே ஒரு தர்மமாக ஏற்றுக்கொண்ட தேசத்தை, இவ்வளவு பிரத்தியட்சமாகக் காட்டும் வேறு நூலை நான் படித்ததில்லை.

இந்த நாவலில் ஒரு பெண் வருகிறாள். க்ஷயரோகத்தால் பீடிக்கப்பட்டு, கமாகுராவில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவள். அவளுக்குப் பிரியமான நூல் ரயில்வேக் கால அட்டவணை. படுத்தபடியே பக்கங்களைப் புரட்டி, தான் கண்ணால் காணவே முடியாத ஊர்களின் பெயர்களை வாசித்து, இந்த நிமிஷத்தில் எந்தெந்த மூலையில் எந்தெந்த நிலையத்தில் வண்டிகள் வந்து நிற்கின்றன, யார் யார் இறங்குகிறார்கள், யார் யார் ஏறுகிறார்கள் என்று கற்பனை செய்து மகிழ்வதாகச் சிறு கட்டுரை ஒன்றும் அவள் எழுதியிருக்கிறாள். கதையில் அவளுக்கு உள்ள பங்கு என்ன என்பதைப் படிக்கப்போகிறவர்களுக்காக நான் சொல்லாமல் விடுகிறேன். இருந்த இடத்திலிருந்தே உலகத்தைச் சுற்றி வரும் மனிதரைப் பற்றி நான் படித்தவற்றுள் மனத்தை இவ்வளவு நெகிழ்விப்பதும் அச்சுறுத்துவதுமான சித்திரம் வேறில்லை என்று மட்டும் சொல்லலாம். நாவலின் முடிவில், சிறியவர்கள் அழிகிறார்கள். லஞ்சத்துக்கு மூலகாரணமான மேலதிகாரி வேறு இலாகாவுக்கு மாற்றப்பட்டு இன்னும் நல்ல நிலையில் அமர்கிறார். ஜப்பானைப் பற்றிய எந்தச் சுற்றுலா நூலும் இதைச் சொல்லாது.

அதே ஆசிரியர் 1960-இல் எழுதத் தொடங்கிய ‘மணற்பாத்திரம்’ இன்னும் கசப்பானது. இறந்தவர் வடகிழக்குப் பிரதேசத்துப் பேச்சு வழக்கில் பேசினார் என்று சாட்சிகள் சொல்ல, அந்தத் திசையில் அலைந்து களைத்த துப்பறிவாளர், அதைப் போன்ற உச்சரிப்பு மேற்கே வெகு தொலைவிலுள்ள இஸுமோ மலைப்பகுதியிலும் உண்டு என்பதை மொழியறிஞர்களிடமிருந்து தெரிந்துகொள்கிறார். அங்கே போய் அவர் தோண்டி எடுக்கும் உண்மை, குஷ்டரோகிகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்பதே. நோயாளிகளைச் சமூகத்திலிருந்து பிரித்து அடைத்துவைத்த அந்நாட்டுச் சட்டம் 1996-இல்தான் நீக்கப்பட்டது. நாவல் அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, தினசரிப் பத்திரிகையில், லட்சக்கணக்கான குடும்பங்களின் மாலைப் பொழுதில் அந்த விஷயத்தைப் பேசியது.

வடக்கே, ஸ்வீடனுக்குச் செல்வோம். மை ஷோவால், பேர் வாலூ என்ற வாழ்க்கைத் துணைவர்கள், குழந்தைகள் உறங்கிய பின் இரவு நேரங்களில் ஆளுக்கு ஓர் அத்தியாயமாக மாற்றி மாற்றி எழுதி, 1965 முதல் 1975 வரை பத்தே நாவல்களில் மார்ட்டின் பெக் என்ற போலீஸ் அதிகாரியின் வரலாற்றை நிறைவு செய்தார்கள். முதல் நாவலான ‘ரோஸான்னா’வில், யோட்டா கால்வாயில், மோட்டாலா நகருக்கு அருகே மதகுத்துறை ஒன்றைத் தூர் வாரும்போது, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் அமெரிக்காவிலிருந்து வந்த பிரயாணி, ஒரு நூலகத்தில் வேலை செய்தவள் என்று தெரிய வருவதற்கே மாதங்கள் கழிகின்றன. அவள் பயணம் செய்த கப்பலில் இருந்தவர்களோ உலகத்தின் நாலா திசைகளுக்கும் திரும்பிப் போய்விட்டார்கள். அப்போது போலீசார் ஒரு காரியம் செய்கிறார்கள்: அந்தப் பிரயாணிகள் எல்லோருக்கும் எழுதி, விடுமுறையில் அவர்கள் பிடித்த புகைப்படங்களையும் படச்சுருள்களையும் வரவழைக்கிறார்கள். ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு சிரிக்கும் தம்பதிகள், மதகு, மரங்கள், கோடைகாலத்து வெயில் என்று வரும் படங்களில், யாருமே கவனிக்காத பின்புறத்து மூலையில், அந்தப் பெண்ணும் அவளுக்கு அருகே ஓர் ஆடவனும் நிற்பது தெரிகிறது. படம் பிடித்தவர்கள் அந்த நாட்டைப் பார்த்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீடு திரும்பியவர்கள். தாங்கள் பிடித்த படத்தில் இருந்ததையே அவர்கள் பார்க்கவில்லை. பிரயாணியின் பார்வைக்கும் துப்பறிவாளனின் பார்வைக்கும் உள்ள வேற்றுமையை விளக்க எனக்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

உலகமே ஓர் ஆதர்ச ராஜ்யம் என்று போற்றிய ஸ்வீடனில், தனிமையும் குடியும் முதுமையில் கைவிடப்படுதலும் எப்படி மண்டிக்கிடந்தன என்பதை அந்தப் பத்து நூல்களும் படிப்படியாகக் காட்டின. 1975-இல் வெளிவந்த கடைசி நாவலில் அந்நாட்டுப் பிரதம மந்திரி சுட்டுக் கொல்லப்படுகிறார். 1986 பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு, ஸ்டாக்ஹோம் வீதியில், மனைவியோடு நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிரதம மந்திரி ஒலாஃப் பால்மே உண்மையாகவே சுட்டுக் கொல்லப்பட்டார். நாவலாசிரியர்களுக்குத் தீர்க்கதரிசனம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. தாங்கள் வாழும் சமூகத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு, அது நினைத்தே பார்க்கக் கூடாத ஒரு சம்பவமாகத் தோன்றவில்லை என்பதைச் சொல்கிறேன்.

சிசிலித் தீவில் நிலைமை வேறு. அங்கே கொலையாளி யார் என்பது ஊராருக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் இல்லை. லியோனார்தோ ஷாஷா 1961-இல் வெளியிட்ட சிறிய நாவலின் முதற் காட்சியில், விடியற்காலையில் சதுக்கத்தில் நிற்கும் பஸ்ஸில் ஏறப்போன ஒருவர் சுடப்பட்டு விழுகிறார். போலீஸ் வந்ததைக் கண்டதும் பஸ்ஸிலிருந்த பிரயாணிகள் ஒவ்வொருவராக இறங்கி மறைந்துவிடுகிறார்கள். அருகிலேயே நின்று கடலைமாவுப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தவரைப் பிடித்து விசாரித்தால், சுடுதல் என்று ஒன்று நடந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. வட இத்தாலியிலிருந்து வந்த நேர்மையான காப்டன் ஒருவர் சட்டத்தின் மீது நம்பிக்கை வைத்து மேலே மேலே போகப் போக, சாட்சிகளும் அத்தாட்சிகளும் அவர் கையிலிருந்து நழுவுகின்றன. மாபியா என்ற ஒன்று உண்டா என்று பெரிய மனிதர்கள் மேடைகளில் சந்தேகம் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அதை விசாரிக்க இத்தாலியப் பாராளுமன்றம் குழு அமைக்கச் சட்டம் இயற்றியது 1962 டிசம்பரில். அதே தீவைப் பின்னர் ஆந்திரியா கமில்லேரி தம் இன்ஸ்பெக்டர் மொந்தல்பானோவின் கண்களால் காட்டினார். அவர் மீன் வறுவலைச் சுவைக்கும்போது எதிரில் இருப்பவர் பேசுவதைக்கூடப் பொறுக்காதவர். ஆசிரியரின் சொந்த ஊரான போர்த்தோ எம்பெடோக்ளே, கதையில் வரும் விகாத்தா என்ற கற்பனைப் பெயரைத் தன் பெயரோடு சில ஆண்டுகள் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. கதை ஊரைப் பார்த்து எழுதப்பட்டது. பிறகு ஊர் கதையைப் பார்த்துத் தன் பெயரை எழுதிக்கொண்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். கொலையையே பேசும் நூல்கள் ஒரு நாட்டை உள்ளதினும் கொடியதாகக் காட்டிவிடாவா? நியாயமான கேள்வி. ஐஸ்லாந்தின் ஜனத்தொகை நான்கு லட்சத்தையும் எட்டவில்லை. ஆண்டு முழுவதிலும் அங்கே நடக்கும் கொலைகளைப் பெரும்பாலும் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அர்னால்தூர் இந்த்ரிதாஸனின் நாவல்களை மட்டும் படித்தவருக்கு ரேய்க்யாவிக் நகரம் பயங்கரமான இடமாகத் தோன்றக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் அவருடைய நூல்களில் கொலை என்பது கதவைத் திறக்கும் சாவி மட்டுமே. 2001-இல் வெளிவந்த நாவல் ஒன்றில், ஊருக்கு வெளியே புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் குன்றில், ஒரு கைக்குழந்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பது மனித எலும்பு என்பதை மருத்துவ மாணவன் ஒருவன் கண்டுகொள்கிறான். அந்த எலும்பின் வழியே கதை பின்னோக்கிச் சென்று, 1940-இல் பிரிட்டிஷ் படைகளும் அடுத்த ஆண்டில் அமெரிக்கப் படைகளும் வந்து இறங்கிய அந்த ஏழைத் தேசத்தில், ஒதுக்குப்புறமான ஒரு வீட்டில், கணவனிடம் அடிபட்டு அடிபட்டு மௌனமாகிப்போன ஒரு தாயின் வாழ்க்கையைக் காட்டுகிறது. அந்தப் பெண்ணின் கஷ்டத்தை எந்தக் குற்றப் புள்ளிவிவரமும் கணக்கில் எடுக்கவில்லை, நாவல் எடுத்தது. ஆகையால் மிகைப்படுத்துகிறது என்ற குற்றச்சாட்டைப் பிணங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். வாழ்க்கையைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவு சொன்னபின், எல்லாத் துப்பறியும் நூலும் நல்ல வழிகாட்டி ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எச். ஆர். எஃப். கீட்டிங் என்ற ஆங்கில ஆசிரியர் பம்பாய்ப் போலீசைச் சேர்ந்த இன்ஸ்பெக்டர் கோட்டேயைக் கதாநாயகனாக்கி 1964-இல் எழுதிய நாவல் இங்கிலாந்தில் பெரிய பரிசையும் பெற்றது. அவர் இந்தியாவில் முதன்முதலாகக் கால் வைத்ததோ அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின்பு. கோட்டே அன்புக்குரிய மனிதர்தான். அடக்கமும் மனச்சாட்சியும் உடையவர். ஆயினும் அவரைச் சுற்றியுள்ள பம்பாயில், நூல்களையும் தேசப்படங்களையும் மேசை மேல் பரப்பிக்கொண்டு எழுதிய நகரத்தின் சாயல் தெரிகிறது. அங்கே வியர்வை குறைவு, வம்பு குறைவு. அயலார் எழுதக் கூடாது என்பதும் என் கட்சியல்ல. டோனி ஹில்லர்மன் வெள்ளையர்; அமெரிக்காவின் நவஹோ ஆதிகுடிகளைப் பற்றி எழுதினார். அவருடைய நாவல்களில் வரும் நவஹோ போலீஸ்காரர், ஒரு வீட்டின் முன் வண்டியை நிறுத்தியதும் இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவதில்லை. வந்திருப்பது தெரிந்து வீட்டார் தாமாக வாசலுக்கு வரும் வரையில் வண்டியிலேயே காத்திருக்கிறார், ஏனெனில் அதுவே அங்கு மரியாதை. இத்தகைய விஷயங்களைச் சிரத்தையோடு கற்று எழுதியதனால் 1987-இல் நவஹோ மக்களே அவரைத் தங்கள் நண்பர் என்று பாராட்டி விருது அளித்தார்கள். எழுதியவர் எங்கே பிறந்தார் என்பதைக் காட்டிலும், அந்த ஜனங்களின் நடுவே எவ்வளவு காலம் வாய் மூடிக் காது கொடுத்து இருந்தார் என்பதே முக்கியமாகத் தோன்றுகிறது.

நம் தமிழிலும் இந்த ஆசை புதிதல்ல. விமான நிலையத்தையே பார்த்திராத ஒரு தலைமுறைத் தமிழ்ச் சிறுவர்கள், தமிழ்வாணனின் சங்கர்லால் அயல் நாடுகளில் துப்பறியப் புறப்பட்டபோது, தாங்களும் உடன் சென்று தேநீர் அருந்தி வந்தார்கள். அதற்கும் முன்னர் ஆரணி குப்புசாமி முதலியார் முதலானோர் மேல்நாட்டு மர்மக் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தார்கள். அக்காலத்து வழக்கப்படி மாந்தருக்கும் ஊர்களுக்கும் நம் பெயர்களைச் சூட்டினார்கள். அதனால் கதை நமக்குக் கிடைத்தது, தேசம் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் வந்த மர்ம நாவல்கள் பலவற்றிலும் அயல் நகரம் என்பது விமானம் இறங்கவும் கார் துரத்தவும் உதவும் இடமாகவே நின்றுவிட்டது. அந்தத் தழுவல்காரர்களுக்கு நான் நன்றி உடையவன். தமிழ் ஜனங்களுக்கு நாவல் படிக்கும் பழக்கத்தை உண்டாக்கியவர்களில் அவர்களும் அடங்குவர். ஆனால் இனி நமக்கு வேண்டியது தழுவல் அல்ல. ஊர்ப் பெயரும் உணவுப் பெயரும் உறவுமுறையும் சிறிதும் மாறாமல், முடிந்தவரையில் மூல மொழியிலிருந்தே செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும்.

மாட்ஸுமோட்டோ, ஷாஷா முதலானோர் எழுதியவற்றுள் சிறிய நூல்கள் உண்டு. மொழிபெயர்ப்பதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. ஜப்பானிய மொழியையும் ஐரோப்பிய மொழிகளையும் தொழில் நிமித்தம் நன்கு கற்றுத் தேர்ந்த தமிழ் இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். காரியாலயக் கடிதங்களை மொழிபெயர்ப்பதோடு அவர்களுடைய புலமை நின்றுவிடுவது நமக்கு நஷ்டம். பதிப்பாளர்கள் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். நூலின் முகப்பில் அந்த நாட்டின் தேசப்படம் ஒன்றையும், கடைசியில் உணவு, உடை, போலீஸ் நிர்வாகம் முதலியவற்றைப் பற்றிய சிறு குறிப்புகளையும் சேர்த்து அச்சிட வேண்டும். நூலகங்களும் இவற்றைத் தாழ்ந்த சரக்கு என்று ஒதுக்காமல், பிரயாண நூல்கள் இருக்கும் அலமாரியிலேயே வைக்கத் துணிய வேண்டும். ஆண்டுக்கு ஐந்து நூல்களேனும் இவ்வாறு வெளிவருமானால், வாங்கிப் படிக்கத் தமிழ் வாசகர்கள் காத்திருக்கிறார்கள்.